ஞாயிற்றுக் கடிதத்தின் எடை

டெரன்ஸ் எழுதிய கடிதத்தின் எடை பூஜ்யம் என்பதைச் செலினா பார்த்தது தற்செயலாகத்தான்.

தூத்துக்குடியில் அவள் வேலை பார்க்கும் பேக்கரியில் அன்று கூட்டம் இல்லை. மக்ரூன் இனிப்புக்காக முட்டை வெள்ளைக்கருவை அடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கையெல்லாம் சர்க்கரைப் பொடி. சுண்டுவிரலால் கைபேசியைத் தள்ளியபோது, கணவனின் கடிதம் இருந்த பக்கம் அடிவரை ஓடி நின்றது. அங்கே சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், ‘எடை: 0 பைட்’ என்று இருந்தது.

வானம் அடைபட்டு அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு செயற்கைக்கோள்கள் மோதி, அவற்றின் சில்லுகள் மற்றவற்றை உடைத்து, அவை இன்னும் பலவற்றை உடைத்து, கடைசியில் மிஞ்சியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. தரையில் கம்பி வழியாக இணையம் வந்துகொண்டிருந்ததால் ஊருக்குள் யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. கடலில் இருப்பவர்களுக்குத்தான் நூல் மாதிரி ஓர் இணைப்பு. கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டரில், கடலடியிலிருந்து உலோகக் கட்டிகளை எடுக்கும் ‘பவளக்கொடி’ என்ற கப்பலில் டெரன்ஸ் கிரேன் ஓட்டினான். அந்தக் கப்பலில் அறுபத்திரண்டு பேர். குரல் கிடையாது, முகம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆளுக்கு ஒரு பக்கம் கடிதம் போகும், ஒரு பக்கம் வரும். ‘துளி’ என்ற இலகு உலாவியில்தான் அதைத் திறக்க முடியும்.

செலினா முந்தைய வாரத்தைத் திறந்தாள். பூஜ்யம். அதற்கு முந்தைய வாரமும் பூஜ்யம். பதினோரு வாரம் பின்னால் போன பிறகுதான் ‘எடை: 26’ என்று ஒன்று இருந்தது.

எடை இல்லாத கடிதம் என்றால் என்ன அர்த்தம்? அவர் எழுதவே இல்லையா? அப்படியானால் இதையெல்லாம் எழுதியது யார்? முதலாளியிடம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பாளையங்கோட்டை சாலையில் இருக்கும் துளி அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே அவளை உட்காரவைத்துப் பேசியவள் ஃபாயிஸா என்ற பொறியாளர். காயல்பட்டினத்துக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. கைபேசியை வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“பயப்படாதீங்கக்கா. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு. இது வேற விஷயம். நீங்க மக்ரூன் பார்சல் கட்டுவீங்கல்ல?”

“தினம் முந்நூறு கட்டுதேன்.”

“உள்ள இருக்குறது கால் கிலோ. அட்டைப்பெட்டி, ரிப்பன், பை எல்லாம் சேந்தா அரைக் கிலோ. சாதாரண பிரவுசர் அம்புட்டையும் உங்க போனுக்குத் தூக்கிட்டு வந்து அங்க வச்சுதான் பிரிக்கும். படம், விளம்பரம், நீங்க எங்க தொடுதீங்கன்னு வேவு பாக்குற நிரல், எல்லாம் வந்து சேரணும். துளி அப்படி இல்ல. நடுவுல எங்க கம்ப்யூட்டர் ஒண்ணு உக்காந்திருக்கு. அது பக்கத்தைத் திறந்து, மேல் உறையெல்லாம் உரிச்சுப் போட்டுட்டு, மக்ரூனை மட்டும் காகிதத்துல மடிச்சு அனுப்பும்.”

“சரி. இப்ப மக்ரூனே இல்லாமல்லா வந்திருக்கு?”

“அதுதான் புதுசு. கடல் இணைப்புக்கு அந்த மடிச்ச பொட்டலமே பாரமாப் போச்சு. அதனால கப்பல்ல ஒரு பெட்டி வச்சோம், இங்க ஒரு பெட்டி. ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. உங்க வீட்டுக்காரர் இதுவரை எழுதின கடிதம் எல்லாத்தையும் ரெண்டும் படிச்சிருக்கு. இந்த வாரம் அவர் என்ன எழுதுவார்னு ரெண்டும் ஒரே மாதிரி யூகிக்கும். அவர் எழுதி முடிச்சதும் கப்பல் பெட்டி ஒப்பிட்டுப் பாத்து, யூகம் எங்க தப்போ அதை மட்டும் அனுப்பும். அந்தத் தப்போட அளவுதான் இந்த எடை.”

செலினா கேட்டாள்: “தப்பே இல்லன்னா?”

“‘சரி’ன்னு ஒரு தலையாட்டல் வரும். அதை எடையில சேக்கறதில்ல.”

“அப்ப அவர் எழுதினது நிஜந்தானா?”

“நிஜந்தான். தலையாட்டல் வராம இங்க பக்கமே தெரியாது. அந்தச் சட்டம் நான் வச்சது. இதோ பாருங்க, போன ஞாயிறு மூணு பத்துக்கு ஆரம்பிச்சு மூணு அம்பதுக்கு முடிச்சிருக்காரு. நாப்பது நிமிஷம் யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்காரு.”

“அதை உங்க பெட்டி எம்புட்டு நேரத்துல எழுதுச்சு?”

ஃபாயிஸா தயங்கினாள். “கண்ணைச் சிமிட்டுற நேரம்.”

வந்தபோது இருந்த பயம் போய்விட்டது. அந்த இடத்தில் மெல்ல மெல்லக் கோபம் வந்து உட்கார்ந்தது. ‘நலம், நலமறிய ஆவல். கடல் அமைதியாக இருக்கிறது. கிரேன் நன்றாக ஓடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.’ இதைத்தான் ஒன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நாற்பது நிமிடம் யோசித்து எழுதுகிறாரா?

அடுத்த ஞாயிறு அவள் எழுதினாள்: ‘உங்கள் கடிதத்துக்கு எடையே இல்லையாம். ஒரு மெஷினுக்குத் தெரியாத எதுவும் எனக்குச் சொல்ல உங்களிடம் இல்லையா?’

வந்த பதில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பைட் இருந்தது. ஆசையோடு திறந்தாள். கிரேனின் வரிசை எண், கம்பியின் தடிமன், திங்கள் முதல் சனி வரை தூக்கிய மூட்டைகளின் எண்ணிக்கை, கப்பலில் இருக்கும் தீயணைப்பான்கள் ஒவ்வொன்றின் காலாவதித் தேதி. கடைசியில் இரண்டு வரி: ‘இப்போது எடை போதுமா? உன் கடிதங்களையும் பார்த்தேன். எட்டு மாதமாக அவையும் பூஜ்யம்தான்.’

கையில் இருந்த கரண்டியைச் செலினா கீழே வைத்தாள். எட்டு மாதம்! ‘வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே வெயில் அதிகம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.’ அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தாள். கப்பலில் அவனும் யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு வந்த கடிதம் வழக்கமான கடிதம்தான். நலம், கடல் அமைதி, கிரேன். ஆனால் நடுவில் ஒரே ஒரு புது வரி இருந்தது. எடை: 74.

‘எனக்கு மக்ரூன் பிடிக்காது.’

செலினா அதை மூன்று தடவை படித்தாள். ஒன்பது வருடமாக, ஒவ்வொரு முறை அவன் கப்பலேறும்போதும் இரண்டு கிலோ மக்ரூன் டப்பாவில் அடைத்துக் கொடுத்திருக்கிறாள். காலியான டப்பா திரும்பி வந்ததே! பக்கத்தில் நின்றவளிடம் கைபேசியைக் காட்டினாள். அவள் இன்னொருத்தியிடம் காட்டினாள். பேக்கரியே சிரித்தது. செலினாவுக்கும் முதலில் மூக்கு விடைத்தது, பிறகு அவளும் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். இத்தனை வருடமாக இந்த மனிதன் தனக்காக முகத்தை வைத்துக்கொண்டு மென்று விழுங்கியிருக்கிறான். அந்த எழுபத்துநான்கு பைட்டைப் போல ஒரு கடிதம் காதலித்த நாளில்கூட அவளுக்கு வந்ததில்லை.

டப்பாவைக் காலி செய்தது கப்பல் சமையல்காரர் அருமைநாயகம் என்று அடுத்த கடிதத்தில் தெரிந்தது.

செலினா பதிலுக்கு எழுதினாள்: ‘நான் நீச்சல் கற்றுக்கொண்டுவிட்டேன். நாலு மாதமாகக் காலையில் முத்துநகர் கடற்கரையில் பெண்கள் பத்துப் பேர் நீந்துகிறோம். கழுத்தளவு தண்ணீரில்கூட நிற்கப் பயந்தவள் இப்போது மல்லாந்து மிதக்கிறேன். காதுக்குள் கடல் புகுந்தால் என்ன சத்தம் கேட்கும் தெரியுமா?’ அதன் எடையை அனுப்பிய கையோடு பார்த்தாள். ஐந்நூற்றுச் சொச்சம். அவளுக்குப் பத்தாம் வகுப்பில் பாஸானது போல இருந்தது.

டெரன்ஸ் இந்த இரகசியத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லியிருக்கிறான். அதோடு முடிந்தது. ஒரே மாதத்தில் கப்பல் முழுவதும் எடை பார்க்கத் தொடங்கிவிட்டது. தென்காசியில் இருந்த ஒரு மனைவி, கணவர் சொன்ன சின்னத்துக்கு இருபது வருடமாகத் தான் ஓட்டுப் போட்டதே இல்லை என்று எழுதினாள். எலெக்ட்ரீஷியன் ஒருவர் தன் மாமியாருக்குத் தனியாகக் கடிதம் எழுதி, அவர் வைக்கும் புளிக்குழம்புக்காகத்தான் பெண் கேட்டு வந்தேன் என்று ஒப்புக்கொண்டார். குழந்தைகள் எழுதிய கடிதங்கள் மட்டும் எப்போதும் கனமாகவே இருந்தன. அவற்றைப் பெட்டியால் ஒருநாளும் சரியாக யூகிக்க முடிந்ததில்லை.

சந்தோஷத்துக்கும் ஒரு பாரம் உண்டு என்பது ஃபாயிஸாவின் அலுவலகத்துக்குத்தான் முதலில் தெரிந்தது. எல்லோரும் யூகிக்க முடியாதபடி எழுதத் தொடங்கியதும் அந்த நூல் இணைப்பு நிரம்பிவிட்டது. ஞாயிறு மாலைக்குள் இருபது கடிதங்கள் போகாமல் தங்கின. ‘இந்த வாரம் வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை’ என்று கப்பலில் ஆட்கள் சோர்ந்துபோனார்கள்.

“மேல இருக்குறவங்க ஒரு யோசனை வச்சிருக்காங்கக்கா,” என்றாள் ஃபாயிஸா. இப்போதெல்லாம் அவள் வாரம் ஒருமுறை மக்ரூன் வாங்கும் சாக்கில் பேக்கரிக்கு வந்துவிடுவாள். “கடிதம் வராத அன்னைக்குப் பெட்டியோட யூகத்தையே கடிதமாக் காட்டிரலாமாம். எப்படியும் முக்கால்வாசி சரியாத்தான இருக்கு, யாருக்கும் வருத்தம் வராதுல்லன்னு கேக்காங்க.”

“நீ என்ன சொன்ன?”

“கூடவே கூடாதுன்னுட்டேன். மீட்டிங்ல பெரிய சத்தம். கடைசில விட்டுட்டாங்க.”

“நல்லதுதான் செஞ்ச. எம் புருஷன் பேசலன்னா பேசலன்னு எனக்குத் தெரியணும்லா?”

அந்த நாட்களில்தான் அருமைநாயகம் ஓய்வுபெற்று ஊர் திரும்பப் போகிற செய்தி வந்தது. பவளக்கொடிக்கு ஆள் தேவை என்று கம்பெனி அறிவித்தது. ரொட்டி, கேக் வேலை தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. செலினா அந்த அறிவிப்பை மாவுக் கையோடு படித்தாள். படித்து முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள். துறைமுகத்தில் நடந்த தேர்வில் முந்நூறு ரொட்டிக்கு மாவு பிசையச் சொன்னார்கள், பிசைந்தாள். “நீச்சல் தெரியுமா?” என்று கேட்டார்கள். உயிர்காப்பு உடையோடு நூறு மீட்டர் நீந்திக் காட்டிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

டெரன்ஸிடம் மட்டும் மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை உளறினால்கூடக் கடிதம் கனத்துவிடும் என்று பயந்து, பழையபடி வெயிலையும் உடம்பையும் பற்றியே எழுதினாள். ‘மறுபடியும் பூஜ்யமா? என்ன ஆயிற்று உனக்கு?’ என்று அவன் வருத்தத்தோடு கேட்டான். அவள் பதிலுக்கு, ‘இங்கே வெயில் அதிகம்’ என்று எழுதி அனுப்பினாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை மாற்றிக் கொண்டுபோகும் கப்பலில் அவள் ஏறினாள். ஆறு நாள் பயணம். ஐந்தாம் நாள் ஞாயிறு. அன்று முழுக்க அவள் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தாள். கடிதம் எழுதவில்லை. எழுதும் எண்ணமும் இல்லை.

திங்கள் காலை பத்து மணிக்குப் பவளக்கொடி தெரிந்தது. மஞ்சள் நிறத்தில், ஒரு சிறு ஊரே மிதப்பது போல. ஆட்களை இங்கிருந்து அங்கே ஏற்றுவதற்குக் கூண்டு போன்ற கூடை ஒன்று உண்டு. நாலு பேர் அதற்குள் நின்று வலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பெரிய கப்பலின் கிரேன் தூக்கி எடுத்துக்கொள்ளும். செலினா ஆரஞ்சு நிற உடையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு நின்றாள். கால் தரையை விட்டது. கீழே கடல் நீலமாகச் சுழன்றது. அலையில் இரண்டு கப்பல்களும் ஏறி இறங்கின, ஆனால் கூடை ஒரு குலுக்கல்கூட இல்லாமல் உயர்ந்தது. ‘கிரேன் நன்றாக ஓடுகிறது’ என்று ஆறு வருடமாக அவன் எழுதியது இதைத்தானா? அவளுக்குக் கண் நிறைந்தது. முட்டையை வைப்பது போல அவளைத் தளத்தில் இறக்கி வைத்தான் டெரன்ஸ், இறக்கியது யாரை என்று தெரியாமல்.

அவள் தலைக்கவசத்தைக் கழற்றி, மேலே கண்ணாடி அறையைப் பார்த்துக் கையாட்டினாள்.

கிரேன் அறையின் கதவு திறந்தது. ஏணியில் பாதியை இறங்கி, மீதியைச் சறுக்கி, அவன் வந்து நின்றான். வாய் திறந்திருந்தது.

“புதுச் சமையக்காரி,” என்றாள் செலினா. “மக்ரூன் செய்ய மாட்டேன், பயப்படாதீங்க.”

சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள், கைதட்டினார்கள். யாரோ கப்பலின் ஊதலையே இழுத்துவிட்டார்கள். டெரன்ஸ் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரித்தான், அழுதான்.

“அடிப்பாவி! நேத்து வந்த லெட்டர்லகூட ஒரு வார்த்தை சொல்லலயே நீ!”

“நேத்தா?” என்றாள் செலினா. “நேத்து நான் வாளிக்குள்ள தலையை விட்டுக்கிட்டுல்லா கெடந்தேன். எந்த லெட்டர்?”

அவன் கைபேசியை எடுத்துக் காட்டினான். அவளுடைய பக்கம்தான். ‘அன்புள்ள டெரன்ஸுக்கு’ என்று அவள் எழுதுவது போலவே ஆரம்பித்தது. வீட்டு வாசலில் தண்ணீர் லாரி வந்ததாம். கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர்கள் குவிகின்றனவாம். செலினா படித்துக்கொண்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. கடைசிப் பத்தியில் விரலை வைத்து நின்றுவிட்டாள்.

‘நீங்கள் கிளம்பும் நாளிலெல்லாம் நான் சண்டை போடுவது வேண்டுமென்றேதான். சிரித்துக்கொண்டே வழியனுப்ப எனக்குத் தெம்பு கிடையாது.’

“இது வரை நீ எழுதினதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கடிதம் இதுதான்,” என்றான் டெரன்ஸ், தயங்கித் தயங்கி. “எடையப் பாக்கக்கூடத் தோணல, நேத்துலருந்து பத்துத் தடவை படிச்சிட்டேன். ஒவ்வொரு தடவையும் எம்மேல என்ன கோவம்னு தெரியாமலே கப்பலேறியிருக்கேன் செலினா. இது... நீ எழுதலயா?”

“எழுதல.”

அவன் முகம் விழுந்தது. கைபேசியை மெதுவாகத் திரும்ப வாங்கினான்.

செலினா கடலைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை அவன் போன பிறகும், முதல் கடிதத்தில் அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். ஆறு வருட மன்னிப்புகளைப் படித்த பெட்டி கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறது. அவற்றைப் படித்த கணவனுக்குத் தோன்றவில்லை. எழுதிய அவளுக்கும் எழுதத் தோன்றவில்லை.

“எழுதல,” என்றாள் மறுபடி. “ஆனா நிஜந்தான். ஒரு மெஷின் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டாம். நானே சொல்லுதேன், கேளுங்க. நீங்க போற அன்னைக்கு எனக்கு வீட்டுக் கதவைப் பாக்கவே பிடிக்காது. அதான் உப்புப் பத்தலன்னும் சட்டையத் தேய்க்கலன்னும் கத்துவேன். கோவமாப் போனீங்கன்னா எனக்கு அழுகை வராதுல்லா, அதுக்குத்தான்.”

அவன் தளத்தில் அத்தனை பேர் நிற்கும்போதே அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

விஷயம் கேப்டன் காதுக்குப் போனது. அவர் கரைக்கு ஒரு செய்தி அனுப்பினார். அதைப் பார்த்த ஃபாயிஸாவுக்கு நெருப்பை மிதித்தது போல ஆயிற்று. கைவிட்டதாகச் சொன்ன யோசனையை அவளுக்குத் தெரியாமல் மூன்று ஞாயிறாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேலதிகாரியின் அறைக்குப் போய், இதை நீங்கள் நிறுத்துகிறீர்களா, இல்லை எல்லா வீட்டுக்கும் நானே சொல்லட்டுமா என்று கேட்டாள். அன்று மாலையே நிறுத்தினார்கள். கப்பலுக்கு ஒரு பட்டியலும் வந்தது. பத்தொன்பது கடிதங்கள் யாரும் எழுதாதவை.

சாப்பாட்டுக் கூடத்தில் கேப்டன் அதை வாசித்தபோது பாதிப் பேர் சிரித்தார்கள். “அதான பாத்தேன், எம் பொண்டாட்டி எனக்கு முத்தம்னு எழுதுவாளான்னு!” என்று ஒருவர் தலையில் கை வைத்தார். சிலுவைமுத்து என்ற முக்குளிப்பவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனோடு ஆறு வருடமாக மனத்தாங்கலில் ஒற்றை வரி மட்டுமே எழுதும் அப்பா, இரண்டு வாரத்துக்கு முன்பு, ‘நடந்ததை மறந்துவிட்டேன், ஊருக்கு வா மகனே’ என்று எழுதியிருந்தார். அதுவும் பட்டியலில் இருந்தது. செலினா அவனுக்கு டீ கொண்டுபோய் வைத்தாள். “அந்தக் கடிதத்தை அப்படியே உங்கப்பாவுக்கு அனுப்பு தம்பி. இது நீங்க எழுதினதான்னு கேளு. வேறொண்ணும் எழுதாத,” என்றாள். அந்த ஞாயிறு அவன் அப்படியே செய்தான்.

அடுத்த ஞாயிறும் வந்தது. கனமான கடிதங்கள் முறை வைத்து, வாரம் முப்பது என்று வரும்படி கப்பல்காரர்களே பேசி முடிவு செய்திருந்தார்கள். சிலுவைமுத்துவுக்கு முதல் ஆளாக வந்தது. அவன் சத்தமாகவே படித்தான்: ‘நான் இப்படியெல்லாம் எழுத மாட்டேன். மகனே என்று எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் வா.’ கூடத்தில் எல்லோரும் மேஜைகளைத் தட்டிய தட்டில் தண்ணீர்க் குவளைகள் குதித்தன.

செலினா அன்று முதன்முறையாகத் தேங்காய் பன் போட்டிருந்தாள். தட்டை ஏந்தி ஒவ்வொரு மேஜையாகப் போய்க்கொண்டிருந்தவளை டெரன்ஸ் கூப்பிட்டான். அவன் கைபேசி மேஜையில் திறந்திருந்தது. துளியில் ஃபாயிஸா புதிதாகச் சேர்த்திருந்த ஒரே ஒரு வரி வெள்ளைப் பக்கத்தின் நடுவில் நின்றது.

‘இன்று உங்களுக்குக் கடிதம் இல்லை.’

“பாத்தியா,” என்றான் அவன், வாய் நிறையப் பன்னோடு. “ஆறு வருஷத்துல இப்பதான் இதைப் பாக்கேன். எம்புட்டு நல்லா இருக்கு!”